தக்கோலம், மேஜை மேல: நண்பர்களோட ஒரு நாலு மாசப் போர்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

நான் பொதட்டூர்பேட்டையில இருந்து பேசறேன். திருத்தணியில இருந்து பள்ளிப்பட்டு போற ரோட்டுல இருக்கிற நெசவாளர் ஊர். எந்தத் தெருவுல நடந்தாலும் பவர்லூம் சத்தம் கேட்கும். கொஞ்ச தூரம் வண்டி ஓட்டினா ஆந்திரா வந்துடும்.

இந்த எபிசோடுல நாங்க ஆறு பேர் நாலு மாசம் ஆடின ஒரு விளையாட்டைப் பத்திச் சொல்லப் போறேன். குட்டிப் பொம்மைகளை வச்சு மேஜை மேல ஆடுற போர் விளையாட்டு. இங்கிலீஷ்ல மினியேச்சர் வார்கேமிங்னு சொல்லுவாங்க. "பொம்மை வச்சு ஆடுற வயசா?"ன்னு கேட்காதீங்க. அந்தக் கேள்வியை எங்க வீடுகள்ல ஏற்கெனவே கேட்டுட்டாங்க.

இது எங்கிருந்து வந்துச்சு

செஸ் தெரியும். அதுக்கு முன்னாடி நம்ம நாட்டுல சதுரங்கம். யானை, குதிரை, தேர், காலாள்னு நாலு படை. ஆனா சதுரங்கத்துல மழை பெய்யாது, யாருக்கும் பசிக்காது, தண்ணி தீராது. 1824-ல பிரஷ்யாவுல ரைஸ்விட்ஸ்னு ஒரு ராணுவ அதிகாரி, தன்னோட அப்பா ஆரம்பிச்ச விளையாட்டைச் சீர்படுத்தி, நிஜமான வரைபடத்து மேல ஆடுற மாதிரி மாத்தினார். பேரு கிரீக்ஸ்ஷ்பீல். அதுல நடுவர் ஒருத்தர் இருப்பார். எதிரி எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியாது, நடுவர் சொல்ற அளவுக்குத்தான் தெரியும். 1913-ல எச்.ஜி.வெல்ஸ், டைம் மெஷின் எழுதினவர், பொம்மைச் சிப்பாய்களை வச்சு வீட்டுத் தரையில ஆட விதி எழுதி, லிட்டில் வார்ஸ்னு ஒரு புத்தகமே போட்டார். 1971-ல வந்த செயின்மெயில்ங்கிற இடைக்காலப் போர் விளையாட்டுல இருந்துதான் மூணு வருஷம் கழிச்சு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பொறந்துச்சு.

நாங்க எடுத்துக்கிட்டது 1990-ல வந்த டிபிஏங்கிற சின்ன விதித் தொகுப்பு. ஒரு படைக்கு 12 அட்டை, அவ்வளவுதான். ஒவ்வொரு அட்டையும் ஒரு அணி. உங்க முறை வந்ததும் ஒரு டைஸ் உருட்டணும். நாலு விழுந்தா நாலு நகர்த்தல், ஒண்ணு விழுந்தா ஒண்ணே ஒண்ணு. தளபதி நினைக்கிறது எல்லாம் களத்துல நடக்காதுங்கிறதை அந்த ஒரு டைஸ் காட்டிடும். நாலு அட்டை போச்சுன்னா பெரும்பாலும் ஆட்டம் முடிஞ்சுது. ஒரு மணி நேரத்துல ஒரு போர்.

செலவு? ஆறு பேரும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிச்சோம். பேப்பர்ல படம் பிரிண்ட் எடுத்து மடிச்சு நிக்க வச்சா சிப்பாய். அடியில ஒட்ட பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. யானை மட்டும் பிளாஸ்டிக், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையடிவாரத்துல போடற கடைகள்ல வாங்கினது. நூல் சுத்தி வர அட்டைக் கூம்பை வெட்டினா மலை. தூரம் அளக்க ஸ்கேல் வேண்டாம், முடிச்சுப் போட்ட நூல் போதும். நூலுக்கு எங்க ஊர்ல பஞ்சமில்ல.

எப்போ ஆடுறதுங்கிறதுதான் சிக்கல். ரெண்டு பேர் தறி ஓட்டுறவங்க. மின்வாரியம் பராமரிப்புக்காக மாசத்துல ஒரு நாள் பகல் முழுக்க கரண்டை நிறுத்தும்ல, அன்னைக்குத் தறி ஓடாது. அதுதான் எங்க போர் நாள்.

ஏன் தக்கோலம்

ஒத்தை ஒத்தையா போர் ஆடி அலுத்துப் போச்சு. அதனால கேம்பைன் ஆடலாம்னு முடிவு பண்ணினோம். கேம்பைன்னா தொடர். வரைபடத்துல படைகள் நடக்கும், சோறு தேடும், தூது அனுப்பும், எங்கயாவது சந்திச்சா மட்டும் மேஜையில போர். அந்தப் போர்ல செத்தவன் அடுத்த மாசம் வரமாட்டான். மிச்சம் இருக்கிறதை வச்சுத்தான் மேல ஆடணும்.

இங்கிலாந்து ரோஜாப் போர் ஆடலாம்னு ஒருத்தன் சொன்னான். இன்னொருத்தன் கேட்டான்: "மச்சான், அரக்கோணத்துக்கு அந்தப் பக்கம் தக்கோலம் இருக்கு. சோழ இளவரசனே செத்த எடம். அதை விட்டுட்டு யார்க்குக்கு எதுக்குடா போகணும்?" அதோட விவாதம் முடிஞ்சுது.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. ஆண்டு 949. தஞ்சாவூர்ல முதலாம் பராந்தக சோழன், ஆட்சிக்கு வந்து 40 வருஷத்துக்கு மேல ஆச்சு. வடக்கே இன்னைக்குக் கர்நாடகாவுல இருக்கிற மால்கேட்டைத் தலைநகரா வச்ச ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். நம்ம கல்வெட்டுகள்ல கன்னரதேவன். பராந்தகன் துரத்தின வாணர்கள் அவன் பக்கம் சேர்ந்துட்டாங்க. கங்க மன்னன் ரெண்டாம் பூதுகன் கிருஷ்ணனோட சகோதரியைக் கட்டினவன், அவனும் அந்தப் பக்கம். இந்த ஆபத்தை எதிர்பார்த்த மாதிரி பராந்தகனோட மூத்த மகன் ராஜாதித்தன் பல வருஷம் முன்னாடியே திருமுனைப்பாடி நாட்டுல, திருநாவலூர்ப் பக்கம், படையோட தங்கியிருந்தான். அவன் படையில கேரளத்து வீரர்கள் நிறைய. அதுல வெள்ளங்குமரன்னு ஒரு தளபதி 943-ல கிராமம்ங்கிற ஊர்ல கட்டின கோயில் தென்பெண்ணைக் கரையில இன்னும் இருக்கு.

ரெண்டு படையும் தக்கோலத்துல மோதிச்சு. யானை மேல இருந்த ராஜாதித்தன் செத்தான். எப்படிச் செத்தான்ங்கிறதுல ஆளுக்கு ஒரு கதை. சோழர்களோட ஆனைமங்கலச் செப்பேடு, லெய்டன் செப்பேடுன்னு சொல்றோமே அது, கூர்மையான அம்பு நெஞ்சுல பாய்ஞ்சுது, வீர சொர்க்கம் போனான்னு சொல்லுது. கர்நாடகாவுல ஆதகூர்ல கிடைச்ச கல்வெட்டு, பூதுகன் அந்த அம்பாரியையே போர்க்களமாக்கிக் குத்திக் கொன்னான்னு சொல்லுது. இதுக்குப் பரிசா கிருஷ்ணன் பூதுகனுக்குப் பனவாசி 12000 முதலான நாடுகளைக் கொடுத்தான். அந்தக் கல்லே ஒரு நாய்க்காக நட்டது. பூதுகன் தன் வீரன் மணலேரனுக்குக் கொடுத்த காளிங்கிற நாய், காட்டுப்பன்றியோட சண்டை போட்டுச் செத்துச்சு. அதுக்கு எடுத்த நடுகல்லுலதான் ஒரு சோழ இளவரசனோட சாவும் பதிவாகியிருக்கு.

இதெல்லாம் எங்க ஊரைச் சுத்தி நடந்தது. தக்கோலத்துல சிஐஎஸ்எஃப் பயிற்சி மையம் இருக்குல்ல, அதுக்கு 2025-ல ராஜாதித்த சோழன் பேரை வச்சாங்க. சோழ வம்சக் கதையைச் சொல்ற பெரிய செப்பேடு 1905-ல கிடைச்சது திருவாலங்காட்டுல, திருத்தணிக்குப் பக்கம். சோழர் படைகள்ல "தெரிஞ்ச கைக்கோளர்"னு பேர் வச்ச அணிகள் இருந்திருக்கு. கைக்கோளர்ங்கிறது இன்னைக்கும் நெசவாளர் சமூகத்தோட பேர். இதைக் கேட்டதும் தறி ஓட்டுற என் நண்பன் அந்த அட்டையைக் கையில எடுத்தவன் கடைசி வரைக்கும் கீழ வைக்கல.

வாட்ஸ்அப்ல அஞ்சு நாள் தள்ளி வர்ற சேதி

நான் நடுவர். மத்த அஞ்சு பேர்: பராந்தகன், ராஜாதித்தன், வெள்ளங்குமரன், கிருஷ்ணன், பூதுகன். வாணர் படை பூதுகன் கையிலயே. பூதுகனா ஆடினவன் நகரிக்காரன். எங்களை "பாவா, பாவா"ன்னுதான் கூப்பிடுவான். திருத்தணியும் எங்க ஊரும் 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திரா சித்தூர் மாவட்டத்துலதான் இருந்துச்சு. எங்க வரைபடத்துல அந்த எல்லைக்கோடு இல்ல. 949-க்கு அது எதுக்கு?

நேரக் கணக்கு எளிமையா வச்சோம். நிஜத்துல ஒரு நாள்னா களத்துலயும் ஒரு நாள். தையில ஆரம்பிச்சு சித்திரையில முடிக்கணும். படை ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர் நடக்கும். மால்கேட்டுல இருந்து தக்கோலம் நேர்க்கோட்டுலயே 500 கிலோமீட்டருக்கு மேல. கிருஷ்ணனுக்கு ஒரு மாசத்துக்கு மேல நடை. திருநாவலூர்ல இருந்து ராஜாதித்தனுக்குப் பத்து நாளுக்கு மேல. குதிரைத் தூதன் ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர். தக்கோலத்துல நடக்கிறது தஞ்சாவூருக்குத் தெரிய அஞ்சு நாள்.

ஒவ்வொருத்தரும் உத்தரவை எனக்குத் தனியா அனுப்பணும். நான் கணக்குப் பார்த்து, சேதி போய்ச் சேர வேண்டிய அன்னைக்கு அனுப்புவேன். ராஜாதித்தன் திங்கக்கிழமை "அப்பா, உதவிப்படை வேணும்"னு எழுதினா, அது பராந்தகனுக்குச் சனிக்கிழமைதான் போகும். இதுல வேடிக்கை, ரெண்டு பேரும் தினம் ஒரே டீக்கடையில பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருப்பாங்க. வாயைத் திறக்கக் கூடாது. "உன் மூஞ்சியப் பாத்தாலே ஏதோ ஆயிருச்சுன்னு தெரியுதுடா"ன்னு பராந்தகன் புலம்புவான். எனக்குத் தெரிஞ்சு ரெண்டு பேரும் விதியை மீறல.

அப்புறம் தீனி. பெரிய யானை ஒண்ணு ஒரு நாளைக்கு சுமார் 150 கிலோ தீனி தின்னும். 30 யானைன்னா தினம் நாலரை டன். ஒரே எடத்துல பத்து நாள் உக்காந்தா 45 டன். அதனால படை ஒரே எடத்துல நிக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு ஏரி நிரம்பியிருக்கிற, நெல் அறுவடை ஆன தை மாசத்துல தொண்டை மண்டலம் ஒரு படைக்குச் சொர்க்கம். பங்குனியில அதே ஊர்ல தண்ணிக்கு அலையணும். வரைபடத்துல ஒவ்வொரு ஏரி மேலயும் புளியங்கொட்டை வச்சோம். படை தங்கினா தினம் ஒரு கொட்டை எடுத்துடுவேன். எதிரியோட வாளைப் பார்த்துப் பயப்படாத என் நண்பர்கள், புளியங்கொட்டை குறையறதைப் பார்த்துப் பயந்தாங்க.

தளபதி எங்க நிக்கணும்

ஒத்தைப் போர் ஆடும்போது எல்லாரும் தளபதியைக் கண்ணை மூடிக்கிட்டு முன்னாடி தள்ளுவாங்க. செத்தா என்ன, அடுத்த ஆட்டத்துல புது பொம்மை. கேம்பைன்ல அப்படியே தலைகீழ். முதல் மாசப் போர்ல ராஜாதித்தனா ஆடினவன் தன் யானையைக் கடைசி வரிசையில, ஏரிக்கரைக்குப் பின்னாடி நிறுத்தினான். "நான் செத்தா மூணு மாசம் உங்களுக்கு டீ வாங்கித் தர்றதா என் வேலை?"ன்னான். நியாயம்தான்.

ஆனா எங்க விதியில, தளபதி ஒரு முழ நூலுக்குள்ள இருந்தா பக்கத்து அணிக்குப் பலம் கூடும், இல்லாட்டி சீக்கிரம் கலைஞ்சு ஓடும். இவன் பின்னாடி நின்னதால முன்வரிசை ரெண்டு தடவை ஓடிச்சு. பாலாறைத் தாண்டி வந்த மூணாவது மாசப் போர்லயும் அதே கதை.

அப்போதான் எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சுது. பாடப் புத்தகத்துல "யானை மேல் துஞ்சிய தேவர்"னு ராஜாதித்தனைப் படிச்சிட்டுப் போயிருக்கோம். பட்டத்து இளவரசன், இவ்வளவு பெரிய ராஜ்யத்தோட வாரிசு, எல்லாருக்கும் தெரியற மாதிரி யானை மேல முன்னாடி ஏன் நிக்கணும்? வீரம்னு சொல்லி முடிச்சுடறோம். மேஜையில பார்த்தா அது ஒரு கணக்கு. மைக் இல்ல, வாக்கி டாக்கி இல்ல. பல ஊர்ல இருந்து வந்த படை. தலைவன் இன்னும் நிக்கிறான்னு அத்தனை பேருக்கும் காட்ட ஒரே வழி உயரமான எடத்துல தெரியறது. தெரிஞ்சா படை நிக்கும். ஆனா படைக்குத் தெரியறவன் எதிரியோட வில்லாளிக்கும் தெரிவான். இந்த ரெண்டையும் பிரிக்க முடியாது.

"வழியில இருக்கான்"

இப்போ எங்க விதிகள்லயே எனக்குப் பிடிச்ச ஒண்ணைச் சொல்றேன். நண்பர்களோட நீண்ட ஆட்டம் ஆடினவங்களுக்குத் தெரியும், ஆட்டத்தைக் கொல்றது டைஸ் இல்ல, வராமப் போற ஆள்தான். ஒருத்தன் ஒரு மாசம் வரல, அவன் படையை வேற யாரோ ஆடித் தோத்துடுவாங்க. அடுத்த மாசம் அவன் எதுக்கு வருவான்? அப்படியே குழு கலைஞ்சிடும். அதுக்காக முதல் நாளே ஒரு விதி போட்டோம்: வர முடியாதவனோட அணியை யாரும் தொடக் கூடாது. அது களத்துக்கு வரல, வழியில இருக்கு. சாகாது, ஜெயிக்கவும் செய்யாது. அவன் வரும்போது வரும்.

மூணாவது மாசம் முடிஞ்சதும் வெள்ளங்குமரனா ஆடினவனுக்கு ஒரகடம் பக்கம் ஒரு ஃபேக்டரியில வேலை கிடைச்சுது. புது வேலை, ஷிஃப்ட், லீவு கேட்க முடியாது. எங்க ஆறு பேர்ல ஊரை விட்டுப் போன முதல் ஆள் அவன்தான். சித்திரையில, கரண்ட் நிறுத்தின நாள்ல, தக்கோலம் போர். அவன் வரல. மூணு அட்டை மேஜை ஓரத்துல, "வழியில".

ஒன்பது அட்டையோட ராஜாதித்தன் நின்னான். தஞ்சாவூர்ல இருந்து உதவிப்படை வர இன்னும் நாலு நாள். ஏரியில ஒரு புளியங்கொட்டை பாக்கி. பின்வாங்கலாமான்னு கேட்டேன். ரொம்ப நேரம் வரைபடத்தையே பார்த்தான். அப்புறம் யானையை எடுத்து முதல் வரிசையில, நடுவுல வச்சான். யாரும் எதுவும் பேசல. தறிச் சத்தம் இல்லாத தெரு வேற, அமைதியா இருந்துச்சு.

நாற்பது நிமிஷம் அவன் வரிசை நகரல. கைக்கோளர் அணி ரெண்டு தடவை வாணரைத் திருப்பி அனுப்புச்சு. அப்புறம் பூதுகன் ஆறு போட்டான், இவனுக்கு ஒண்ணு. யானை விழுந்துச்சு. அடுத்த முறையே மூணு அணி கலைஞ்சுது. நகரிக்காரன் எழுந்து வந்து, "சாரி பாவா"ன்னு இவன் தோளைத் தட்டினான். ஜெயிச்சதுக்கு ஒருத்தன் மன்னிப்புக் கேட்டதை அன்னைக்குத்தான் பார்த்தேன்.

ராத்திரி குரூப்ல முடிவு போட்டேன். ஷிஃப்ட் முடிஞ்சு வந்த வெள்ளங்குமரன் கிட்ட இருந்து ஒரு வாய்ஸ் நோட். பின்னாடி கம்பெனி பஸ் சத்தம். "நான் வந்திருந்தா அந்த இடதுபக்கம் நின்னுருக்கும்டா. நான் இல்லாமப் போச்சே." பொம்மை விளையாட்டுக்கா இவ்வளவுன்னு நீங்க நினைக்கலாம். அவன் சொன்னது பொம்மையைப் பத்தி மட்டும் இல்லன்னு எங்க எல்லாருக்கும் தெரிஞ்சுது.

அவனுக்கு நான் திருவொற்றியூர்க் கல்வெட்டு ஒண்ணைப் பத்தி எழுதி அனுப்பினேன். கேரளத்துல இருந்து வந்த வல்லபன்னு ஒருத்தன், ராஜாதித்தனோட நெருங்கின நண்பன். தக்கோலத்துல ராஜாதித்தன் சாகும்போது அவன் பக்கத்துல இல்ல. நண்பனோட சேர்ந்து சாக முடியலையேன்னு மனசு உடைஞ்சு துறவியானான். சதுரானன பண்டிதர்னு பேர் வாங்கி, திருவொற்றியூர் மடத்துக்குத் தலைவர் ஆனான். இந்தக் கதையைச் சொல்ற கல்வெட்டே கன்னரதேவனோட ஆட்சியாண்டைப் போட்டுத்தான் ஆரம்பிக்குது. நண்பனைக் கொன்ன மன்னனோட ஆட்சியிலதான் மிச்ச வாழ்க்கை. அவன் அங்கயே இருந்து ஒரு மடத்தை நடத்தியிருக்கான்.

அதுக்கப்புறம்

ஒத்தைப் போரா இருந்தா யானை விழுந்ததும் பொம்மையைப் பெட்டியில போட்டுட்டு வீட்டுக்குப் போயிருப்போம். கேம்பைன்ல அடுத்த நாள் காலையில எல்லாருக்கும் உத்தரவு எழுதணும். பராந்தகனுக்கு அஞ்சு நாள் கழிச்சு மகன் செத்த சேதி போச்சு. அவன் திருப்பி எழுதினது ஒரே வரி: "வழியில யார் மிச்சம்?"

மிச்சம் இருந்தது வெள்ளங்குமரனோட மூணு அட்டை. வராதவனோட படை சாகாதுன்னு விதி. அதனால சோழர் பக்கம் அடிபடாம முழுசா இருந்த ஒரே படை அதுதான். ஒரகடத்துல இருந்துக்கிட்டே, பஸ்ல உத்தரவு டைப் பண்ணி, அடுத்த மூணு வாரம் தெற்கே போற பாதையைக் காப்பாத்தினது அவன்தான். ராஜாதித்தனா ஆடினவன் இப்போ தம்பி கண்டராதித்தனா உள்ள வந்தான். காஞ்சிபுரத்தை விட்டுட்டோம். நிஜத்துலயும் அதுதான் நடந்துச்சு. கிருஷ்ணன் "கச்சியும் தஞ்சையும் கொண்ட"ன்னு பட்டம் போட்டுக்கிட்டான். பத்து வருஷம் கழிச்சு 959-லயும் இங்க மேல்பாடியில பாளையம் போட்டு உக்காந்திருந்தான். ஆனா சோழ வம்சம் அழியல. மிச்சம் இருந்தவங்க இருந்தாங்க. ராஜராஜன் வர்றதுக்கு இன்னும் 36 வருஷம். நம்ம சினிமாவும் நாவலும் பெரும்பாலும் ஜெயிச்ச பக்கத்துல இருந்து ஆரம்பிக்கும். இந்த விளையாட்டு எங்களைத் தோத்த மறுநாள் காலையில உக்கார வச்சுது.

நீங்களும் ஆடணும்னா இவ்வளவு போதும். மூணு நண்பர்கள், ஒரு நடுவர். உங்க ஊர்ல இருந்து ஒரு மணி நேரத்துல போகக்கூடிய ஒரு பழைய போர்க்களம். கும்பகோணம்காரங்களுக்குத் திருப்புறம்பியம் இருக்கு, காஞ்சிபுரம்காரங்களுக்குப் புள்ளலூர் இருக்கு. சார்ட் பேப்பர்ல வரைபடம், கொஞ்சம் புளியங்கொட்டை, முடிவு தேதி ஒண்ணு. நாலு மாசத்துக்கு மேல இழுக்காதீங்க. விதியை ரெண்டு பக்கத்துக்குள்ள எழுதுங்க. அதுல வராதவனுக்கு ஒரு வரி கண்டிப்பா இருக்கட்டும்.

எங்களுக்கு அடுத்தது திருப்புறம்பியம்தான். ஆடியில ஆரம்பம். ஒரகடத்துக்காரன் வருவானான்னு தெரியல. அவனுக்கு மூணு அட்டை எடுத்து வச்சாச்சு.